ஏரி வரை வாய்ப்பூட்டு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனிதர், ஓடுகிற காரில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எத்தனை பெரிய தண்டனை என்பது, அவரிடம் திட்டு வாங்கிப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பயிற்சிப் பள்ளியின் மாணவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அதைக் கண்குளிரப் பார்ப்பதற்கென்றே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தி வைத்திருந்தார்கள்.

வழக்கம் இதுதான். வெயில் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்த வருடம் லைசென்ஸ் வாங்கியவர்கள் குடும்பத்தோடு ஏரிக்குப் போவார்கள். எல்லோரும் வேனில். மாஸ்டர் மட்டும் பள்ளியின் காரில், பின் சீட்டில். அந்தக் காரை ஓட்டுகிறவர், அந்த வருடம் லைசென்ஸ் வாங்குவதற்குள் மாஸ்டரின் உயிரை யார் அதிகமாக வாங்கினாரோ அவர். கார் வாசலை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஏரித் தண்ணீரில் கால் நனைகிற வரைக்கும் மாஸ்டர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. மீறினால் உடுத்திய துணியோடு, போட்ட ஷூவோடு முழங்காலளவு தண்ணீரில் இறங்கி உட்கார வேண்டும். யாராவது மனமிரங்கி டீ கொண்டுவந்து கொடுத்தால்தான் எழுந்திருக்கலாம்.

வழக்கம் தொடங்கிய நாளிலிருந்து மாஸ்டர் நனையாமல் வீடு திரும்பியதே இல்லை.

முதல் வருடம் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. அடுத்த வருடம் பெட்ரோல் பங்க் வரை தாக்குப்பிடித்தார். அதற்கடுத்த வருடம் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் போக்குவரத்துப் போலீஸ்காரர் தோற்றுப்போகும்படி இரண்டு கைகளாலும் பேசிவிட்டார். அன்றிலிருந்து கையும் பேசக் கூடாது என்று விதியில் சேர்த்தார்கள். ஒரு வருடம் போனில் 'பிரேக்' என்று எழுதி முன் சீட்டுக்கு நீட்டினார். அதிலிருந்து எல்லோருடைய போன்களும் ஒரு கூடையில் சேர்ந்து வேனில் போய்விடும். இருமலைப் பற்றியும் ஒரு விதி உண்டு. சாதாரண இருமல் மன்னிக்கப்படும்; அர்த்தமுள்ள இருமல் மன்னிக்கப்படாது.

மாஸ்டருக்கு இதிலெல்லாம் பெரிய வருத்தமில்லை. வெயிலுக்கு ஏரித் தண்ணீர் சுகமாகத்தான் இருக்கும். குழந்தைகள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். ஆனால் இந்த வருடம் சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. காரணம், அவர் மனைவி.

மாணவர்களுக்கு அவர் 'அக்கா'. பள்ளியின் அலுவலக அறையில் உட்கார்ந்து, யாருக்கு எந்த நேரம், யாருக்கு எந்தத் தேதியில் தேர்வு என்பதையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர். அந்த வருடம் அவருக்குத் தானும் கார் ஓட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்ப் பழகுநர் உரிமமும் வாங்கி வந்துவிட்டார். அதைச் சாப்பாட்டு மேஜையில், மாஸ்டரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மாஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. "நாளைக்கே ஆரம்பிச்சிடலாம். காலைல முதல் கிளாஸ் உனக்கு."

"எங்க கத்துக்கறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை."

"இது என்ன பேச்சு? நம்ம ஸ்கூல் இருக்கு, நான் இருக்கேன்."

"நீங்க இருக்கீங்க. அதான் யோசிக்கிறேன்." அக்கா நிதானமாகத் தட்டில் பரிமாறினார். "ஏங்க, இத்தனை வருஷமா பக்கத்து ரூம்ல உக்காந்து கேட்டுட்டிருக்கேன். உங்ககிட்ட சேர்றவங்க முதல் நாள் பவுடர் போட்டுட்டு வர்றாங்க. ரெண்டாவது நாள் சாமி கும்பிட்டுட்டு வர்றாங்க. மூணாவது நாள் கூட ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிட்டு வர்றாங்க."

"கண்டிப்பு இல்லாம வண்டி வருமா?"

"எதிர்ல இருக்கிறவருக்கு வருதே."

மாஸ்டரின் கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. எதிரில் இருப்பவர் என்றால், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு பயிற்சிப் பள்ளி வைத்திருப்பவர். குரல் எழும்பாமல், ஒவ்வொரு சொல்லையும் சர்க்கரையில் தோய்த்து எடுத்துக் கொடுக்கிற மனிதர். மாஸ்டர் அவருக்குப் 'பஞ்சுமிட்டாய்' என்று பெயர் வைத்திருந்தார்.

"பஞ்சுமிட்டாய்கிட்டயா? அவனுக்கு ஓட்டச் சொல்லிக்குடுத்ததே நான்தான்!"

"தெரியும். அதனாலதான் எப்படிச் சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெளிவா தெரிஞ்சிருக்கு."

அன்று இரவு வரை நடந்த வழக்காடலின் முடிவில் அக்காதான் ஒரு தீர்ப்புக்கு வந்தார். "இந்த வருஷம் நான் வேன்ல போகலை. உங்க பக்கத்துல, கார்ல வர்றேன். ஏரி வர்ற வரைக்கும் வாயைத் திறக்காம வந்துட்டீங்கன்னா, உங்களுக்கும் பொறுமை இருக்குன்னு நம்பி உங்ககிட்டயே கத்துக்கறேன். திறந்தீங்கன்னா, திங்கட்கிழமை காலைல நேரா எதிர்ப்பக்கம்தான். என்ன சொல்றீங்க?"

மாஸ்டர் கண்ணை மூடிப் பார்த்தார். பஞ்சுமிட்டாயின் கார், அதன் தலையில் பஞ்சுமிட்டாயின் பெயர்ப்பலகை, உள்ளே தன் மனைவி, அது தன் பள்ளி வாசலில் போய்ப் போய் வருகிறது. டீக்கடைக்காரர் பார்க்கிறார். பெட்டிக்கடைக்காரர் பார்க்கிறார். ஹோட்டல் முதலாளியின் மனைவி அடுத்த ஹோட்டலில் இலை போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது?

"சரி," என்றார். ஒற்றை வார்த்தையோடு அவர் நிறுத்தியதே நல்ல சகுனம் என்று அவருக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. பாய்கள், பந்துகள், காற்றடித்த ரப்பர் வளையங்கள், குழந்தைகள், போன் கூடை என்று வேன் பிதுங்கி வழிந்ததால், சாப்பாட்டுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. ரொட்டி, அவித்த முட்டை, பழங்கள், பெரிய டீ பிளாஸ்க் எல்லாம் காரின் டிக்கிக்குப் போயின. சோறு பின்னாலேயே வருகிறது என்ற நம்பிக்கையில் வேன் முன்னால் கிளம்பிவிட்டது.

காரை ஓட்ட வாய்த்தவர் பல் டாக்டரம்மா. தன் ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பல்லைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடுங்குகிறவர், ரிவர்ஸ் கியரைக் கண்டால் மட்டும் வெலவெலத்துப்போவார். நான்கு தேர்வுகளில் ரிவர்ஸில் கோட்டைவிட்டு, ஐந்தாவதில் தப்பிப் பிழைத்தவர்.

"மாஸ்டர், என் வேலையில எல்லாரையும் வாயைத் திறங்க, திறங்கன்னு கெஞ்சறேன்," என்றார் அவர், கண்ணாடியைச் சரிசெய்தபடி. "வாழ்க்கைல முதல் தடவையா ஒருத்தரை மூடச் சொல்றேன். நல்லா இறுக்கி மூடுங்க."

முன் சீட்டில் சாட்சியாக டெய்லர் உட்கார்ந்தார். அவரும் இந்த வருடத்து மாணவர்தான். அந்த சீட்டின் காலடியில்தான் மாஸ்டரின் தனி பிரேக்கும் தனி கிளட்ச்சும் இருந்தன. தவறியும் மிதித்துவிடக் கூடாதே என்று டெய்லர் இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கிச் சப்பணமிட்டுக்கொண்டார்.

பின் சீட்டில் மாஸ்டர் கைகளைத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டார். பக்கத்தில் அக்கா, புது உடையில், கல்யாண வீட்டுக்குப் போகிறவரைப் போல உற்சாகமாக இருந்தார். அவர் பார்வை கீழே போயிற்று.

"இது போன வருஷத்து பழைய ஷூ இல்ல? நனையறதுக்குன்னே போட்டுட்டு வந்திருக்கீங்களா? உங்க மேல உங்களுக்கே இவ்வளவுதான் நம்பிக்கையா?"

மாஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். கார் இன்னும் கிளம்பவில்லை என்றாலும் எதற்கு வம்பென்று ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்து வாயில் போட்டு அடைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா கிளட்ச்சை விட்டார். கார் தவளைபோல இரண்டு தாவல் தாவி நின்றது. மறுபடியும் கிளப்பினார். மறுபடியும் தாவியது.

மாஸ்டரின் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் முழுசாக வந்து நின்றது. 'அது கிளட்ச்சும்மா, கதவில்லை, பட்டுனு விடறதுக்கு!' அதை மிட்டாயோடு சேர்த்து ஒரு கன்னத்துக்குத் தள்ளினார்.

"மாஸ்டர் கழுத்து நரம்பு ஒரு அங்குலம் புடைச்சிருக்கு," என்று டெய்லர் திரும்பிப் பார்த்து அறிவித்தார். "காலர் பத்தாது."

"வாயில என்னமோ வெச்சிருக்காரே?" டாக்டரம்மா கண்ணாடியில் பார்த்தார்.

"மிட்டாய்," என்றார் அக்கா.

"ஐயோ, மிட்டாயா? பல்லு என்னத்துக்காகும்!" என்று டாக்டரம்மா தொழில் பக்தியோடு முழுசாகப் பின்னால் திரும்பிவிட்டார். எதிரே ஒரு பால் வண்டி வந்துகொண்டிருந்தது. டெய்லர் "முன்னாடி, முன்னாடி!" என்று அலற, கார் ஓர் ஓரத்துக்கு ஒடிந்து, நூலிழையில் நேரானது.

மாஸ்டர் பேசவில்லை. ஆனால் மிட்டாய் முழுசாகத் தொண்டைக்குள் இறங்கியிருந்தது.

கடைத்தெரு வந்தது. டாக்டரம்மா இரண்டாவது கியரிலேயே ஊர்வலம் போனார். மாஸ்டரின் வலது கால் தரைவிரிப்பில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "கால் விதியில இல்லையா?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் இல்லக்கா. அடுத்த வருஷம் சேத்துடலாம்," என்றார் டெய்லர்.

பெட்ரோல் பங்க் போயிற்று. ரயில்வே கேட் வந்தது. மேட்டில் ஏறும்போது கார் முனகிக்கொண்டு பின்னால் சறுக்கப் பார்த்தது. மாஸ்டருக்கு வியர்த்து ஊற்றியது. உதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டார். கார் எப்படியோ மறுபக்கம் இறங்கியது.

"மாஸ்டர்! ரயில்வே கேட்டைத் தாண்டிட்டோம்! சரித்திரத்துல முதல் தடவை!" டெய்லர் சீட்டிலேயே துள்ளினார்.

மாஸ்டர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அக்காவின் முகத்தில் இருந்த கல்யாணக் களை கொஞ்சம் குறைந்திருந்தது. இந்த மனுஷன் ஜெயித்துத் தொலைத்துவிடுவாரோ, தானும் திங்கட்கிழமை பவுடர் போட்டுக்கொண்டு போய் இவரிடம் உட்கார வேண்டி வருமோ என்கிற கவலை அதில் எழுதியிருந்தது. மாஸ்டருக்குள் ஒரு குளுமை பரவியது. இனி என்ன, நேர் சாலை, பிறகு மஞ்சள் நிறத் தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி இடது பக்கம் திரும்பினால் ஏரிக்கரை.

மஞ்சள் தொட்டி வந்தது. டாக்டரம்மா நேராகப் போனார்.

மாஸ்டர் கழுத்தைத் திருப்பி, இடது பக்கச் சாலை பின்னால் சுருங்கி மறைவதைப் பார்த்தார்.

இதில் டாக்டரம்மாவைக் குறை சொல்ல முடியாது. பள்ளியில் சேருகிற ஒவ்வொருவருக்கும் மாஸ்டர் முதல் நாள் முதல் பாடமாகச் சொல்வது இதுதான்: "உங்க இஷ்டத்துக்குத் திரும்பக் கூடாது. நான் திரும்புன்னு சொல்ற வரைக்கும் ரோடு நேரா போச்சுன்னா நீங்களும் நேரா போங்க." எட்டு மாதம் அந்தப் பாடத்தை அவர்கள் காதில் அறைந்திருக்கிறார். அந்தக் காரில் உட்கார்ந்தால் தானாக ஒரு திருப்பம் திரும்பலாம் என்கிற நினைப்பே அவரிடம் படித்தவர்களுக்கு எழாது. டெய்லருக்கும் அதே கதைதான். அக்காவோ வருடா வருடம் வேனில் பெண்களோடு சீட்டாடிக்கொண்டே ஏரிக்குப் போனவர். ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. வழி தெரிந்தவர் ஒருவர்தான். அவர் கை தொடைக்கு அடியில் இருந்தது, வாய் பூட்டியிருந்தது.

சொல்லிவிடலாமா? ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பஞ்சுமிட்டாயின் பெயர்ப்பலகை ஆடிக்கொண்டே வந்தது. மாஸ்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனை தூரம்தான் போய்விடும்? யாராவது கேட்பார்கள், திரும்புவார்கள்.

யாரும் கேட்கவில்லை. சாலை காலியாக, இரு பக்கமும் வயலாக விரிந்தது. அந்த நேர்ச் சாலையில் டாக்டரம்மாவுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, மூன்றாவது கியருக்குப் போனார். ஒரு முனகல்கூட இல்லை. நான்காவதுக்குப் போனார். வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி விழுந்தது. ஜன்னலை இறக்கிவிட்டார். மெல்ல ஒரு பாட்டை முணுமுணுத்தார். குறுக்கே வந்த ஆட்டு மந்தைக்கு அழகாக வேகம் குறைத்து, நின்று, மறுபடியும் தாவாமல் கிளம்பினார்.

மாஸ்டர் இதையெல்லாம் சந்தேகத்தோடு பார்த்தார். எட்டு மாதம் தன் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்கிய அதே கையா இது?

"காத்து நல்லா இருக்குல்ல?" என்றார் அக்கா. மாஸ்டருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வயல் ஈரத்தின் வாசனை வந்தது. கொக்குகள் எழும்பின. எத்தனையோ தடவை இந்தப் பக்கம் கார் வந்திருக்கிறது. பாதையைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை.

சாலை மெலிந்து, தார் போய், மண்பாதையாகி, கடைசியில் ஒரு செங்கல் சூளையின் பூட்டிய கேட்டின் முன்னால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லை. கேட்டுக்கு உள்ளே ஒரு நாய் மட்டும் எழுந்து நின்று இவர்களைப் பார்த்தது.

டாக்டரம்மா என்ஜினை நிறுத்தினார்.

"மாஸ்டர்," என்றார் டாக்டரம்மா, "ஏரி எங்க?"

மாஸ்டர் நாயைப் பார்த்தார்.

"வழில எங்கயாவது திரும்பியிருக்கணுமோ?"

மாஸ்டர் நாயையே பார்த்தார்.

"பாத்துட்டே வந்திருக்கார்க்கா!" டெய்லருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "தெரிஞ்சே வந்திருக்கார்! வேன்ல இருக்கிறவங்க இந்நேரம் பசியில ஒருத்தரை ஒருத்தர் கடிக்க ஆரம்பிச்சிருப்பாங்க. முட்டை முழுக்க நம்ம டிக்கில இருக்கு!"

அக்கா கணவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். குரலில் தேன் வழிந்தது. "ஏங்க, பாவம் சின்னப் பிள்ளைங்க. ஒரே வார்த்தை. எங்க திரும்பணும்? சொல்லிட்டு மறுபடியும் மூடிக்கோங்க. நான் கண்டுக்க மாட்டேன்."

இந்தக் குரலை நம்பித்தான் அவர் கல்யாணத்துக்கே சம்மதித்தார்; அதன் பலன் அவருக்குத் தெரியும். தலையை ஆட்டக்கூட இல்லை.

"அடேயப்பா, கல்லுளிமங்கன்," என்றார் அக்கா, பாதி எரிச்சலும் பாதி மதிப்புமாக. "சரி, வந்த வழியே போவோம். திருப்புங்க டாக்டரம்மா. போற வழில யாரையாவது கேட்டுக்கலாம்."

"திருப்பறதா?" டாக்டரம்மா வெளியே எட்டிப் பார்த்தார். பாதை காரின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் அகலம். இரு பக்கமும் வாய்க்கால். "இங்கயா? ரிவர்ஸ்லயா? அக்கா, என்னை விட்டுடுங்க. இங்கயே ஒரு ஆஸ்பத்திரி வேணா போட்டுட்டு உக்காந்துக்கறேன்."

"டெய்லரண்ணே, நீங்க?"

"துணின்னா தப்பா வெட்டிட்டா ஒட்டுப் போட்டுத் தைக்கலாம்க்கா. வாய்க்கால்ல விழுந்தா என்ன ஒட்டுப் போடறது?"

மாஸ்டர் ஸ்டியரிங்கைத் தொட்டாலும் தோல்விதான் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. அவருக்குத்தான் முதலில் நினைவிருந்தது.

அக்கா கதவைத் திறந்து இறங்கினார். "சாவியைக் குடுங்க டாக்டரம்மா. பின்னாடி போங்க. ஏங்க, நீங்க முன்னாடி வாங்க. பழகுறவ பக்கத்துல மாஸ்டர் உக்காரணும்னு சட்டம். ஆனா அந்த பிரேக்கை மிதிச்சீங்க, பேசினதாத்தான் கணக்கு."

டெய்லர் பின்னால் போக, மாஸ்டர் திகைத்துப்போய் முன் சீட்டுக்கு வந்தார். அக்கா சீட்டை முன்னால் இழுத்தார். பக்கக் கண்ணாடியை வாய்க்கால் ஓரம் தெரியும்படி கீழே சாய்த்தார். அந்தச் சாய்ப்பைப் பார்த்ததுமே மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது ஒருவர் சொல்லி வருகிற காரியமில்லை. செய்து செய்து வருவது.

மாஸ்டர் தினமும் இரவு காரை வீட்டுக் கொல்லைக்குள் மூக்கு உள்ளே இருக்கும்படி விட்டுவிட்டுத் தூங்கப் போவார். காலையில் அது கழுவித் துடைத்து, வாசலைப் பார்த்து நிற்கும். கார் எப்படித் திரும்பிக்கொண்டது என்று இத்தனை வருடத்தில் அவர் யோசித்ததே கிடையாது. அந்தக் கொல்லையில் ஒரு பக்கம் தண்ணீர் டிரம், ஒரு பக்கம் துணிக்கொடிக் கம்பம். அக்கா வெளித் தெருவில் ஒரு முழம்கூட ஓட்டியதில்லை. ஆனால் பத்தடி முன்னால், பத்தடி பின்னால் என்றால், அந்த ஊரில் அவரைப்போல ஆளில்லை.

கார் உயிர் பெற்றது. அக்கா ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, எறும்பு ஊர்கிற மாதிரி முன்னால் விட்டார். வாய்க்காலின் புல் விளிம்பு பானெட்டுக்கு அடியில் மறைந்தது. மாஸ்டரின் கால் பிரேக்குக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. அவர் மிதிக்காமலே கார் நின்றது. அக்கா மறுபக்கம் ஒடித்தார். பின்னால் விட்டார். பின் சீட்டில் டாக்டரம்மா டெய்லரின் கையைப் பிடித்துக்கொண்டார். டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார். பின் சக்கரம் விளிம்பில் இரண்டு மண்ணாங்கட்டியைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு நின்றது. 'டிரம்' என்று அக்கா தனக்குத்தானே முணுமுணுத்தார். மறுபடி முன்னால், கொஞ்சம் பின்னால், மறுபடி முன்னால். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு முனகல் இல்லை. கார் சூளைக்கு முதுகைக் காட்டி, வந்த பாதையைப் பார்த்து, கோடு போட்ட மாதிரி நேராக நின்றது.

"சபாஷ்!"

நாய்கூட ஒரு கணம் அசையவில்லை.

"யார் பேசினது?" என்றார் டெய்லர், கண்ணைத் திறக்காமலே.

மாஸ்டர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பயன்? அந்தச் சொல் வெளியே போய்ச் சூளைச் சுவரில் மோதித் திரும்பிக்கூட வந்துவிட்டது.

அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

முதலில் பொங்கியவர் டாக்டரம்மாதான். "எட்டு மாசம்! எட்டு மாசத்துல இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல! பாஸ் பண்ணின அன்னிக்கு என்ன சொன்னீங்க தெரியுமா? 'இன்ஸ்பெக்டருக்கு இன்னிக்குக் கண்ணு சரியில்ல போல'ன்னு சொன்னீங்க!"

"அது... உண்மையைச் சொன்னேன்," என்றார் மாஸ்டர்.

பூட்டு உடைந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? அக்கா பின் சீட்டுக்குப் போக, டாக்டரம்மா மறுபடியும் ஓட்ட உட்கார, வாசலிலிருந்து சேர்த்து வைத்த அத்தனை பேச்சும் மடை திறந்தது. முதல் கியரில் தாவிய தாவல், பால் வண்டி, கடைத்தெருவில் இரண்டாவது கியர், ரயில்வே கேட் மேட்டில் சறுக்கிய சறுக்கல் என்று வரிசை தப்பாமல், ஒன்று விடாமல் மாஸ்டர் சொன்னார். மஞ்சள் தொட்டியில் திரும்ப வேண்டும் என்பதையும் நடுவில் சொன்னார். சொல்லச் சொல்ல, நாலாவது கியரை வெண்ணெயாகப் போட்ட கை மறுபடியும் நடுங்கத் தொடங்கியது. தொட்டிக்குப் பக்கத்திலேயே கார் இரண்டு முறை அணைந்து போயிற்று.

"மாஸ்டர், கொஞ்சம் மூடிக்கறீங்களா?" என்று டாக்டரம்மா அழாக்குறையாகக் கேட்டார்.

"இப்ப எதுக்கு மூடணும்? அதான் தோத்துட்டேனே!"

ஏரிக்கரையில் வேன்காரர்கள் கையைக் காட்டி ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். அந்த ஆரவாரம் காருக்கல்ல, டிக்கிக்கு. முட்டையும் ரொட்டியும் உள்ளே போன பிறகுதான் அவர்களுக்கு மாஸ்டர் நினைவு வந்தது. கதையை டெய்லர் எல்லோருக்கும் நடித்தே காட்டினார். பிறகு, மாஸ்டர் மேலுள்ள பாசத்தில் வாதாடவும் செய்தார்.

"திட்டறது பேச்சு. ஒத்துக்கறேன். 'கிளட்ச்'னா பேச்சு, 'பிரேக்'னா பேச்சு. ஆனா 'சபாஷ்' பேச்சுல சேருமா? அது ஏப்பம் மாதிரி. தானா வந்தது."

கரையில் இருந்தவர்களுக்கு நியாயத்தைவிட மாஸ்டர் நனைவதைப் பார்க்கிற ஆசை பெரிதாக இருந்தது. குழந்தைகள் "தண்ணி! தண்ணி!" என்று கத்தினார்கள். "பேச்சுதான்!" என்று கைகள் உயர்ந்தன. கடைசியில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா கையை உயர்த்தினார்.

மாஸ்டர் சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றாமல், தலை நிமிர்ந்து, தண்ணீருக்குள் நடந்தார். முழங்காலளவு வந்ததும் பெருமூச்சோடு உட்கார்ந்தார். ஷூக்களிலிருந்து குமிழிகள் எழுந்தன. கரையில் கைதட்டல் கேட்டது. பந்து விளையாட்டு தொடங்கியது. டாக்டரம்மா குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுவருகிற அறிகுறி எந்தப் பக்கமும் தென்படவில்லை. மாஸ்டர் ஏரியின் அக்கரையைப் பார்த்தபடி, டீக்கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தார்.

தண்ணீர் கலங்குகிற சத்தம் கேட்டது. அக்கா ஒரு கையால் உடையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் டீக் கோப்பையோடு வந்துகொண்டிருந்தார்.

"இந்தாங்க."

மாஸ்டர் வாங்கிக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு?" என்று கேட்டார்.

"காலைல ஆறரை மணிக்கு. எதிர்ப்பக்கம். சொன்னா சொன்னதுதான்."

"தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. மாஸ்டர் பெண்டாட்டி ஒழுங்கா ஓட்டக் கத்துக்கிட்டான்னும் சொல்லும்ல."

மாஸ்டர் டீயை ஊதினார். "அவன் கார்ல கிளட்ச் ரொம்ப இறுக்கம். சீட்டை இன்னும் ஒரு பல்லு முன்னாடி தள்ளிக்கோ. அவன் 'மெதுவா, மெதுவா'ன்னு சொல்லிட்டே இருப்பான், அதைக் கேட்டுட்டு மேட்டுல ஆக்ஸிலேட்டரை விட்டுடாத."

"சரி."

"ஹாரனும் சரியா அடிக்காது."

"சரிங்க." அக்கா கொஞ்சம் தயங்கினார். கரையைத் திரும்பிப் பார்த்தார், யாரும் கவனிக்கவில்லை. குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க சொன்னீங்களே, சூளைகிட்ட. அதை இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

மாஸ்டர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். இப்போது பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை, எந்த நஷ்டமும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சபாஷ். பிரமாதமா திருப்பின. சத்தியமா சொல்றேன், நானே அவ்வளவு நெருக்கத்துல அப்படித் திருப்பியிருக்க மாட்டேன்." அக்காவின் முகம் மலர்ந்தது. "ஆனா அந்த ரெண்டாவது ரிவர்ஸ்ல கண்ணாடியை மட்டும் பாத்த, திரும்பிப் பாக்கல. அப்பறம் ஸ்டியரிங்கை நின்ன இடத்துலயே ஒடிச்சா டயர் என்னத்துக்கு ஆகும்? அதுவும் போக..."

அக்கா அதற்குள் பாதித் தூரம் போயிருந்தார். கோப்பையையும் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டுதான் போனார். மாஸ்டர் ஒரு வாய் டீகூடக் குடித்திருக்கவில்லை.